கிடாரிக்குக் காய்ச்சல்

ஜூன் 9, திங்கள்

கியர்பாக்ஸ் வெந்துபோன கதையை எழுதக் கூடாது என்று ஒரு மாதமாக வைராக்கியமாக இருந்தேன். இன்று வண்டி உயிரோடு திரும்பி வந்துவிட்டது, எழுதலாம்.

என் ஜீப்புக்கு வயது இருபத்தேழு. ஜப்பானில் பிறந்து, கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். முக்கியமான விஷயம், கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். மூன்று வயதில் போலியோ வந்த என் இடது காலுக்கு நிற்கத் தெரியும், காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டால் நடக்கவும் தெரியும். கிளட்ச் மிதிக்க மட்டும் தெரியாது.

கொல்லிமலையில் செம்மேட்டு வாடகை வீட்டிலிருந்து ஊசிப்பாறைக் கால்நடை மருந்தகத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர். முதல் ஐந்து தார். மீதி ஒன்பதைச் சாலை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பஸ் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு மருத்துவர்களும் செம்மேட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ஊசிப்பாறைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். நான் தினமும் போவேன் என்று சவடால் அடித்துவிட்டு வந்தவள். ஆகவே வண்டி ஓடினால்தான் நான் டாக்டர்.

வண்டிக்குக் கிடாரி, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம்பசு, என்று பெயர் வைத்தது பாப்பாயி. மருந்தகத்தின் பராமரிப்பு உதவியாளர், இந்த மலையிலேயே பிறந்தவர், ஐம்பது வயது. "பல்லப் பாத்தாக் கெழடு, முரண்டு பண்றதப் பாத்தாக் கிடாரிங்க டாக்டரம்மா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் மேட்டில் ஏறும்போது கருகல் வாசனை வந்தது. யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கொளுத்தியது நான்தான். சிவப்பாக இருக்க வேண்டிய கியர்பாக்ஸ் எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தது. நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அர்த்தநாரி மட்டும்தான் அதைத் தொட ஒத்துக்கொண்டார்.

"ஏனுங் மேடம், இந்த ஒருக்கா எப்படியோ ஒப்பேத்தீட்டனுங்க. அடுத்த தடவ வெந்துச்சுன்னா காயலாங்கடதான். ஸ்பேரு கெடைக்கவே கெடைக்காதுங்."

இன்று வண்டியை ஒப்படைக்கும்போது மூன்று புதுச் சாமான்களைக் காட்டினார். எண்ணெயைக் குளிரவைக்க முன்னால் தனியாக ஒரு கூலர், அதற்கு ஒரு மின்விசிறி, கியர்பாக்ஸின் சூட்டை எண்ணில் காட்டும் ஒரு சின்ன மீட்டர். "நூத்தி இருவதைத் தாண்டவே கூடாதுங். தாண்டுச்சுன்னா ஓரங்கட்டுங்க, நியூட்ரல்ல போட்டு எஞ்சினை ஓட விடுங்க, அணைச்சராதீங்க. எண்ணெய் சுத்துனாத்தான் ஆறும்."

அந்தப் பட்டறையிலிருந்து பூசை போடாமல் ஒரு போல்ட்டுகூட வெளியே போகாது. எலுமிச்சம்பழம், சூடம், வண்டி நெற்றியில் பொட்டு. மீட்டர் புதுசாயிற்றே, அதன் கண்ணாடி மூலையிலும் தடிமனாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தார்கள். பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டியதில் மீட்டர் 98 காட்டியது. அர்த்தநாரி "ஜம்முனு இருக்குதுங்" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

புறப்பட்டு மூன்றாவது கிலோமீட்டரில் 121.

மாட்டுக்கு நூற்றொன்றரை இயல்பு. நூற்றாறு என்றால் ஓட வேண்டும். நூற்றேழு என்றால் மாட்டுக்காரரிடம் பக்குவமாகப் பேச ஆரம்பிக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் இந்த எண்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு நூற்றிருபத்தொன்று காய்ச்சலில் சேர்த்தி இல்லை, பிரேதப் பரிசோதனையில் சேர்த்தி. ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, மின்விசிறி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 105க்கு இறங்க பதினைந்து நிமிடம்.

கூட வந்த பாப்பாயி பழைய தடுப்பூசிப் பதிவேடு ஒன்றை எடுத்துக் கோடு போட்டுவிட்டார். இடம், மணி, காய்ச்சல். "நூத்திப் பதினாறு... நூத்திப் பதினெட்டு... டாக்டரம்மா, நூத்தி இருவது!" அவர் குரல் ஏற ஏற என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

ஏழு நிறுத்தம். மருந்தகம் சேர்ந்தபோது மணி பதினொன்று பத்து.

ஜூன் 11, புதன்

ஏழு நிறுத்தம். பதினொன்று ஐந்து. திரும்பி வரும்போது பாப்பாயி மடியில் சளி பிடித்த கோழி ஒன்று. எந்த நிறுத்தத்தில் ஏறியது என்று தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கோழியின் ரகசியம் தெரிந்துவிட்டது. நாங்கள் நிற்கும் இடமெல்லாம் ஏதோ ஒரு பட்டியை ஒட்டி இருக்கிறது. நின்ற வண்டியைப் பார்த்தால் ஆள் வருவது இயற்கை. வந்த ஆளிடம் "டாக்டரம்மாதான் இவிய" என்று பாப்பாயி சொல்லிவிடுவது அதைவிட இயற்கை. இன்று முதல் நிறுத்தமான பலாமரத்தடியில் காணை என்கிற கோமாரி வந்து வாய் புண்ணான எருது. மூன்றாவது நிறுத்தமான கல்பாலத்தில் காதில் சீழ் வைத்த ஆடு. எப்படியும் கிடாரி ஆறும்வரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

மருந்தகத்தில் வந்து காத்திருந்தவை: ஒரு நாய். அதுவும் அங்கேயே படுத்திருக்கிற நாய்.

ஜூன் 18, புதன்

பலாமரத்தடியில் காலை எட்டே முக்காலுக்கே பதினோரு உருப்படி நிற்கிறது. நாங்கள் எங்கே நிற்போம், எத்தனை மணிக்கு நிற்போம் என்பது மலைக்கே மனப்பாடம்.

எல்லோருக்கும் கிடாரி மேல் தாங்க முடியாத இரக்கம். "இன்னைக்கு எவ்ளோங்க காச்சலு?" என்று கேட்டுவிட்டுத்தான் தங்கள் மாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். கல்பாலத்தில் சடையன் என்ற ஆட்டுக்காரர் மிளகும் சுக்கும் இடித்துக் கொண்டுவந்து, எந்த ஓட்டையில் ஊற்றுவது என்று கேட்டார். ஐந்தாம் நிறுத்தத்தில் ஓர் அம்மாள் முன் கம்பியில் வேப்பிலை செருகினார். நான் தடுக்கவில்லை. மருத்துவர் கைவிரித்த இடத்தில் குடும்பத்தார் விருப்பப்படி செய்துகொள்ளலாம்.

வண்டியில் இப்போது கிடாரிக்கென்று கொடுத்த மூன்று பலாப்பழம். வாசனையில் கண்ணாடியை இறக்காமல் ஓட்ட முடியவில்லை.

ஜூன் 21, சனி

நாமக்கல்லிலிருந்து குறிப்பாணை வந்தது. உதவி இயக்குநர் டாக்டர் ஜம்புலிங்கம் கையெழுத்து. மருந்தகம் ஒன்பது மணிக்குத் திறக்கப்படுவதில்லை என்று தெரியவருகிறதாம். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம். ஜூலை ஒன்பதாம் தேதி நேரில் ஆய்வாம். இதெல்லாம் நியாயம். வாயைத் திறக்க முடியாது.

கடைசிப் பத்திதான் நெஞ்சைக் குத்திவிட்டது. "மருத்துவரின் உடல்நிலையையும் பாதையின் கடுமையையும் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில் அவரைச் சமவெளியில் உள்ள மருந்தகம் ஒன்றுக்கு மாற்றுவது பரிசீலனையில் உள்ளது."

நான் யாரிடமும் கருணை கேட்கவில்லை. கல்லூரியில் மாட்டுக்கொட்டகை வழுக்குகிறது என்று எனக்கு மட்டும் ஆய்வகத்தில் வேலை ஒதுக்கினார்கள். சண்டை போட்டுக் கொட்டகைக்குப் போனேன். முதல் வேலையில் கோப்பு பார்க்க உட்காரவைத்தார்கள். ஆறு வருடம் மனு எழுதி வெளியே வந்தேன். ஊசிப்பாறையை யாருமே கேட்காததால்தான் எனக்குக் கொடுத்தார்கள். இப்போது அதையும் அன்போடு பிடுங்கப் பார்க்கிறார்கள். கோபத்தில் ஒரு பலாப்பழத்தை நானே அரிந்து, கையெல்லாம் பிசினாகி, பாதியைத் தின்றேன்.

ஜூன் 23, திங்கள்

எனக்கு இடமாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. என் அண்ணன் நல்லமுத்து.

"அண்ணா, நீங்களா மனு குடுத்தீங்க?"

போனில் லாரி ஹாரனுக்கு நடுவே பேசினார். "ஆமா கண்ணு. நடுக்காட்டுல வண்டி நின்னுபோயி நீ உக்காந்திருக்கறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. நாமக்கல்லுலயே மாடு இல்லியா? இங்க வந்து பாரேன்."

பத்தாம் வகுப்புவரை என்னைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடம் கொண்டுபோனவர். ஏறி ஓட்டினால் நான் விழுந்துவிடுவேனாம், தினமும் நான்கு கிலோமீட்டர் தள்ளினார். அப்படிப்பட்ட ஆளைத் திட்டுவது எப்படி? திட்டினேன். திட்டி முடித்துவிட்டு, போய்ச் சோறு சாப்பிடச் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

விடியற்காலம் ஆறரைக்கே புறப்பட்டுப் பார்த்தோம். ஒன்பதுக்குப் போயிருக்கலாம். ஆனால் பலாமரத்துக்காரர்கள் அதைவிடச் சீக்கிரம் எழுந்திருக்கிறார்கள். பத்தரை.

ஜூன் 30, திங்கள்

இதை எழுதிய பிறகு இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

எந்த நோயாளிக்கும் முதலில் ஓய்வில் இருக்கும்போது சூடு பார்க்க வேண்டும். மூன்று வாரமாக இது எனக்குத் தோன்றவில்லை. காலையில் எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பினேன். மீட்டர் 68. தடுப்பூசிப் பெட்டியோடு தொங்கும் அறைவெப்பமானியோ 20 காட்டுகிறது. பனிமூட்டம், எனக்கே பல் கிடுகிடுக்கிறது.

"ராத்திரிப் பூரா கெடந்த வண்டிக்கு அறுவத்தெட்டாங்க?" என்றார் பாப்பாயி. "உள்காச்சலுங்க டாக்டரம்மா. இதுதான் ஆள உருக்கும்."

எனக்கு எங்கேயோ இடித்தது. பலாமரத்தடியில் 121 வந்ததும் நிறுத்தி, மழைக்கோட்டை விரித்துப் போட்டு, வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். சுற்றிலும் பதினாறு ஜோடிக் கால்கள், அவற்றுள் எட்டு ஜோடி ஆடுகளுடையவை. மாட்டின் காதடியில் வைப்பதுபோல் கியர்பாக்ஸ் தட்டில் புறங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டலாம். உண்மையில் நூற்றிருபது டிகிரி இருந்திருந்தால் என் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெளியே வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, மீட்டர் கண்ணாடியிலிருந்த சந்தனத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். அடியில், எறும்பு அளவில், எஃப் என்ற எழுத்து.

லாரிக்காரர்களுக்குச் செல்சியஸ். மாட்டுக்காரர்களுக்கு ஃபாரன்ஹீட். அர்த்தநாரி சொன்ன நூற்றிருபது செல்சியஸ். இந்த மீட்டர் கணக்கில் அது இருநூற்று நாற்பத்தெட்டு. காலையில் பார்த்த 68ம் அறைவெப்பமானியின் 20ம் ஒரே குளிர்தான். வேறு யாராவது இருந்திருந்தால் இரண்டாம் நாளே சந்தேகப்பட்டிருப்பார்கள். நூற்றேழுக்கே பதறிப் பழகிய எனக்கு நூற்றிருபது சாவாகவே தெரிந்தது. பாவம் கிடாரி, உடம்பு சூடேறுவதற்குள் தினமும் ஏழு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருக்கிறது.

"என்னங்க, பொழைக்குமா?" என்று கேட்டார் சடையன், கிடாரியைப் பார்க்கவே கல்பாலத்திலிருந்து இறங்கி வந்திருந்தவர்.

"பிழைக்கும்" என்றேன்.

அர்த்தநாரிக்குப் போன் செய்தேன். கதை முழுவதையும் கேட்டார். பிறகு, "பொட்டு வெச்சது எங்க வீட்டுக்காரம்மாங்க மேடம்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

நிற்காமல் போனேன்! மீட்டரில் அதிகபட்சம் 188. கிடாரி கனைத்துக்கொண்டு ஏறியது. எட்டு ஐம்பதுக்கு மருந்தகக் கதவைத் திறந்து, பதிவேட்டில் நேரத்தைத் தடித்த எழுத்தில் போட்டுக் கையெழுத்திட்டேன். இனி எந்தக் கருணையும் என்னை அண்டாது. பலாமரத்தடியிலும் கல்பாலத்திலும் கைகாட்டினார்கள், நானும் கைகாட்டினேன்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை வந்தவை இரண்டு ஆடு. அவையும் பக்கத்து வீட்டுடையவை.

பன்னிரண்டேகாலுக்குச் சடையன் வந்தார். வயிறு உப்பிய வெள்ளாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கல்பாலத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வாயில் குழாய் விட்டுக் காற்றை இறக்கினேன். இன்னும் அரை மணி போயிருந்தால் ஆடு போயிருக்கும். எழுந்து நின்றதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கையக் காட்டுனனுங்க, நீங்க பாக்கல. பரவால்லீங்க, கிடாரிக்குக் காச்சல் வுட்டுருச்சே, அது போதும்" என்றார்.

நான் பார்த்தேன். பார்த்துத்தான் கைகாட்டினேன்.

மதியம் சோறு கொண்டுபோகவில்லை என்று பாப்பாயியிடம் சொன்னேன். கொண்டுபோயிருந்தேன், இறங்கவில்லை.

ஜூலை 2, புதன்

ஏழு நிறுத்தம். பதினொன்று. பாப்பாயி ஒன்றும் கேட்காமல் பதிவேட்டை விரித்து, "நூத்தி இருவத்தொண்ணு" என்று எழுதினார். அது உண்மைதான், 121தான் இருந்தது.

ஜூலை 5, சனி

கோமாரித் தடுப்பூசி முகாம். ஐஸ்பெட்டி மூன்று, ஆட்கள் நான்கு பேர், ராத்திரி பெய்த மழையில் குழைந்த சேறு. ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வழக்கமான டி கியரிலேயே போட்டு மிதித்தேன். நூற்றிருபதைப் பார்த்துப் பயந்த அவமானத்தில் இப்போது எதற்கும் பயப்படுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன் போலிருக்கிறது.

பாப்பாயி படித்துக்கொண்டே வந்தார். "எரநூத்திப் பத்து. எரநூத்தி இருவத்தாறு. எரநூத்தி முப்பத்தொம்பது. டாக்டரம்மா, இது எந்தக் காச்சலு?"

அந்த வாசனை. சருகு வாசனை.

நிறுத்தி, நியூட்ரலில் போட்டேன். ஐஸ்பெட்டிக்குள் 6 டிகிரி. எட்டைத் தாண்டினால் மருந்து வீண். கியர்பாக்ஸ் இன்னும் பத்து ஏறினால் வண்டி வீண். ஒன்று ஆறவேண்டும், ஒன்று சூடாகக் கூடாது, நடுவில் நான். நல்லவேளை, நின்றது கல்பாலத்தில், அங்கே கொஞ்சம் சிக்னல் எடுக்கும், பட்டறைக்குப் போன் போட்டேன்.

அர்த்தநாரி கத்தினார். "மேடம், பக்கத்துல சின்ன லீவரு ஒண்ணு இருக்குதில்லீங்க, லோ-ன்னு? அது எதுக்குங்க, குடை மாட்டவா? மேட்டுல அதப் போட்டு மெதுவா உருட்டுங்க. டி-ல போட்டு மிதிச்சா உள்ளுக்குள்ள எண்ணெய் சும்மா அரைபட்டே வெந்துரும்."

அதில் குடைதான் மாட்டியிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து லோ-வில் போட்டேன். நடக்கிற வேகம்தான், ஆனால் 195க்கு மேல் போகவில்லை. எண்ணெய் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. துணியில் தொட்டு இரண்டு தடவை பார்த்தேன். மருந்தும் பிழைத்தது. நூற்று எழுபது மாட்டுக்கு ஊசி.

ஜூலை 8, செவ்வாய்

நாளை ஆய்வு. நிற்காமல் போனால் ஒன்பதுக்குள் சேரலாம். நின்றால் என்னை நாமக்கல்லுக்கு அன்போடு அனுப்பிவிடுவார்கள். நிற்காமல் போவதாக முடிவு செய்திருக்கிறேன். பாப்பாயியிடம் சொன்னேன். "செரிங்க" என்றார். அந்த "செரிங்க" எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

உதவி இயக்குநரின் காருக்கு மண்சாலை ஒத்துவராது. கிடாரியில்தான் ஏறினார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மடியில் என் கோப்பு. பாப்பாயி பின்னால். சீராகப் புறப்பட்டேன். மணி எட்டு ஐந்து.

பலாமரம் தெரிந்தது. நேற்று நான் இவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். ஏறக்குறைய இருபது பேர். கல்பாலத்திலிருந்து வந்திருந்த சடையன் கையை உயர்த்தவில்லை, சும்மா நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பின்னாலிருந்து கணீரென்று பாப்பாயி குரல்: "நூத்தி இருவத்தொண்ணு!"

உதவி இயக்குநர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். "என்னது? என்ன நூத்தி இருபத்தொண்ணு?"

"கியர்பாக்ஸ் சூடு, சார்" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

முப்பது வருடம் மாடு பார்த்த மனிதர். அவரும் நூற்றேழுக்கே பதறிப் பழகியவர், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "நிறுத்துங்க டாக்டர்! மொதல்ல நிறுத்துங்க! எல்லாரும் உயிரோட ஊர் போய்ச் சேரணும்!"

மேலதிகாரி உத்தரவு. நிறுத்தினேன்.

முதல் நிறுத்தத்தில் அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டாவதில் இறங்கி நிழலில் நின்றார். கல்பாலத்தில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் படுத்துக் கிடந்தது. கன்றின் தலை பின்னால் மடங்கியிருந்தது. தோள்வரை கையை விட்டும் எனக்கு மூக்கு எட்டவில்லை. கயிறு மாட்ட ஒருவர், உள்ளே தள்ளிப் பிடிக்க ஒருவர் வேண்டும். "சார், கை குடுங்க" என்றேன். கேட்டபிறகுதான் யாரைக் கேட்டேன் என்று உறைத்தது.

அவர் பேனாக்களை எடுத்துப் பாப்பாயியிடம் கொடுத்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மைல்கல் மேல் போட்டார். "பதினோரு வருசமாச்சு டாக்டர்" என்று முனகிக்கொண்டே மண்டியிட்டார். கை மறக்கவில்லை. கால் மணியில் கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்து தும்மியது. உதவி இயக்குநர் முழங்கைவரை கோழையோடு சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு நான்கு நிறுத்தத்திலும் வண்டி நிற்பதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

மருந்தகம் சேர்ந்தது பன்னிரண்டு இருபது. வருகைப் பதிவேட்டை அவர் திறக்கவில்லை. பாப்பாயியின் சூட்டுப் பதிவேட்டைத்தான் கேட்டார். இடம், மணி, காய்ச்சல் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில், நான் கவனிக்கவே இல்லை, பாப்பாயி ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்த உருப்படிகளையும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. மருந்தகத்துக்கு வந்தவை இருபத்து மூன்று. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதிவேட்டைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. "சார், அந்த மீட்டர் ஃபாரன்ஹீட். 121 ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரிஞ்சே பத்து நாளாச்சு."

அவர் எட்டி மீட்டரைப் பார்த்தார். பிறகு, "அத எழுத்துல குடுத்துராதீங்க" என்றார்.

"இன்னொண்ணு சார். என் காலுக்காக இடமாறுதல் வேண்டாம். வேலை செரியில்லன்னா மாத்துங்க, மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். பாவம்னு மட்டும் மாத்தாதீங்க." ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சட்டையில் எஞ்சியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டு வந்தார்.

ஜூலை 14, திங்கள்

ஒரு தகவலும் இல்லை. சோகத்தில் ஒரு பலாப்பழம்.

ஜூலை 21, திங்கள்

இணை இயக்குநர் அலுவலக ஆணை வந்தது. கிடாரியின் பானட் மேல் வைத்துப் படித்தேன்.

"பொதுநலன் கருதி, ஊசிப்பாறை கால்நடை உதவி மருத்துவர் தினமும் வழியில் கீழ்க்காணும் ஏழு இடங்களில் முகாமிட்டுச் சிகிச்சை அளித்த பின், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மருந்தகம் சேர வேண்டும். இடமாறுதல் தொடர்பான கோப்பு இத்துடன் முடிக்கப்படுகிறது." கீழே ஏழு இடம், ஏழு நேரம். பலாமரத்தடி என்றே அச்சடித்திருக்கிறார்கள்.

கருணை என்ற சொல்லைத் தேடினேன். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. நகல் பெறுவோர் பட்டியலிலும் பார்த்தேன். எங்கேயும் இல்லை. என் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. முப்பத்தேழு வருடத்தில் என் காலைப் பற்றி ஒன்றும் சொல்லாத முதல் அரசாங்கக் காகிதம். நடுரோட்டில் நின்று அழுதேன்.

"ஏனுங்க, மாத்திப்புட்டாங்களா?" என்று பாப்பாயி ஓடிவந்தார்.

"இல்ல பாப்பாயி. கல்பாலத்துக்குப் பத்தே நிமிஷந்தான் போட்டிருக்காங்க. அது எப்படிப் பத்தும்?"

"பத்தவே பத்தாதுங்க" என்றார் அவர், கோபமாக.

கல்பாலத்துக்கு இருபத்தைந்து நிமிடம் கேட்டு உடனே மறுமனு எழுத உட்கார்ந்துவிட்டேன். வழக்கமான முதல் வரி, அனுப்புநர்: மங்கையர்க்கரசி, கால்நடை உதவி மருத்துவர், ஊசிப்பாறை.